மூன்றாவது அறையில் பெட்ரோல் வாசம்

பெயர்: கொம்போ லாலி. தகப்பனார் பெயர்: லாலி ஷெபே, காலமாகிவிட்டார். வயது: இருபத்திரண்டு. தொழில்: ஆட்டோ ஓட்டுவது. விலாசம்: மொம்பாசா, மஜெங்கோ, பள்ளிவாசலுக்குப் பின் சந்து, பக்காரி ஃபூமோ வீடு, இடப்பக்கம் முதல் அறை.

மேற்படி நபர் தாமாகவே நிலையத்தில் ஆஜராகி, தாம் சொல்வது தமக்கு எதிராகவே சாட்சியமாகலாம் என்று எச்சரிக்கப்பட்டபின், சொல்லியதாவது:

நான் பாலிடெக்னிக்கில் மின்சாரப் பிரிவில் சேர்ந்து இரண்டாம் வருடத்தில் நின்றுவிட்டேன். யாரும் என்னை நிறுத்தவில்லை. பெஞ்சில் உட்கார முடியவில்லை, அதனால் நின்றேன். இப்போது என் மாமா பேரில் உள்ள ஆட்டோவை ஓட்டுகிறேன். என் மேல் இதற்கு முன் வழக்கு எதுவும் இல்லை. பேருந்து நிறுத்தத்தில் வண்டி போட்டதற்கு அபராதம் கட்டியதை எழுத வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார்கள்.

நான் குடியிருப்பது நடுவில் நடையும், இரண்டு பக்கமும் அறைகளும், பின்னால் முற்றமும் உள்ள வீடு. ஓர் அறைக்கு ஒரு குடித்தனம். சமையல், துவையல் எல்லாம் முற்றத்தில். வீட்டுக்காரர் பக்காரி ஃபூமோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, அடுத்த சந்தில் தனியாக இருக்கிறார். அவரை நாங்கள் பெரியப்பா என்போம். எனக்கு அடுத்த அறையில் ரிஸிகி என்ற அக்கா, கல்யாண வீடுகளுக்கு மஹம்ரி என்ற மாவுப் பலகாரம் பொரித்துக் கொடுப்பவர். அதற்கும் அடுத்து, முற்றத்தை ஒட்டிய மூன்றாவது அறையில் அத்துமானி என்பவரும் அவர் மனைவி மெஜுமாவும் குடியிருந்தார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

அத்துமானி பைக் டாக்சிக்காரர்களுக்குக் கேனில் பெட்ரோல் விற்று வந்தார். கேன்களை அறைக்குள் கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பார். நானும் அவரிடம் வாங்கியிருக்கிறேன். பெரியப்பா முதலில் வாயால் சொன்னார்.

"அத்துமானி, இது வீடுப்பா. பங்க் இல்ல."

"பங்க்ல போனா வரிசையில நிக்கணும் பெரியப்பா. நம்ம கடையில வரிசையே கிடையாது."

எல்லோரும் சிரித்தோம். பெரியப்பாவும் சிரித்தார். அதன் பிறகு இன்னொரு தடவை சொன்னார், அப்போது சிரிக்கவில்லை. அதன் பிறகு வக்கீல் மூலமாகக் காரணத்தை எழுதி, குடியிருக்கும் அறையில் எரிபொருள் வைப்பது மற்ற குடித்தனங்களுக்கு ஆபத்து, இன்ன தேதிக்குள் நிறுத்தாவிட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போடுவேன் என்று நோட்டீஸ் கொடுத்தார். அத்துமானி கேன்களை எடுத்துவிட்டார். மழைக்காலம் வந்ததும் கேன்கள் திரும்ப வந்துவிட்டன. மழையில் பைக்காரர்கள் பங்க் வரை போக மாட்டார்கள், அப்போதுதான் அவருக்கு வியாபாரம்.

அந்த மழைக்காலத்தில்தான் ஒரு நாள் மத்தியானம் முற்றத்தில் தூறல் விழுந்ததால் ரிஸிகி அக்கா கரி அடுப்பை நடையின் ஓரமாக இழுத்து வைத்தார். மூன்றாவது அறைக்குள் அத்துமானி ஒரு கேனிலிருந்து இன்னொரு கேனுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். தீ தரையோடு ஓடி வந்தது. நான் என் அறை மெத்தையை நனைத்து மேலே போட்டேன். தீ அணைந்துவிட்டது. ரிஸிகி அக்காவின் இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துவிட்டது. இப்போதும் அந்தக் கை முழுதாக நீளாது. மாவு பிசைவதை வலது கையால் மட்டும் செய்கிறார்.

அதன் பிறகு சந்துக்காரர்கள் சிலர் பெரியப்பாவிடம் போய், எதிர்ச் சந்து வீட்டுக்காரர் செய்ததுபோல் மூன்றாவது அறையின் கூரைத் தகரத்தைப் பிரித்துவிடுங்கள், தானாக ஓடிவிடுவான் என்றார்கள். நானும் கூட இருந்தேன். பெரியப்பா, "தகரத்தப் பிரிக்கிறவன் வீட்டுக்காரன் இல்லடா, திருடன். எனக்குக் காரணம் இருக்கு, நான் கோர்ட்ல போய்ச் சொல்லிக்கிறேன்" என்றார். சொன்னபடியே வாடகைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டார். தண்ணீரை நிறுத்தவில்லை, கதவைக் கழற்றவில்லை, வழக்கு நடந்த காலம் முழுக்க அத்துமானியின் சலாமுக்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். இதைப் பெரியப்பாவுக்காகச் சொல்கிறேன். ஏனென்றால் இனிமேல் நான் சொல்லப் போவது அவருக்கு நன்றாக இருக்காது.

தீர்ப்பாயத்தில் ரிஸிகி அக்கா சாட்சி சொன்னார். கையைக் காட்டினார். என்னையும் கூப்பிட்டார்கள். கேன்களைப் பார்த்தாயா என்று நடுவர் கேட்டார். பார்த்தேன், வாங்கியும் இருக்கிறேன், பங்க்கைவிட நல்ல அளவு என்றேன். சிரிப்பு வந்துவிட்டது, நடுவர் மேசையைத் தட்டினார். அத்துமானியும் சிரித்தார். அவர் எதையும் மறுக்கவில்லை. ரிஸிகி அக்காவைப் பார்த்து, "இந்தக் கைக்கு என்ன கேட்டாலும் நான் குடுக்கணும், அது வேற. ஆனா எனக்கு வேற தொழில் தெரியாதுங்க" என்றார். வாடகை ஒழுங்காகக் கட்டியவர், ஆனாலும் ஆபத்து உண்டாக்கியது நிரூபணமாகிவிட்டது என்று காலி செய்யும்படி உத்தரவானது. அவர் அவகாசம் கேட்டார், கொடுத்தார்கள். அவர் கிலிஃபி பக்கம் ஒரு கொட்டகை பார்த்து வைத்திருந்தார்.

அந்த அவகாசத்துக்குள் அவர் மௌத்தாகிவிட்டார். கடல் பாலச் சாலையில் பைக்கில் கேன் கட்டிக்கொண்டு வந்தவரை லாரி இடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மய்யித்தை என் ஆட்டோவுக்குப் பின்னால் வந்த வேனில் கொண்டுவந்தோம், துணிமணிகளைப் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள், நான் மெஜுமா அக்காவின் அண்ணியிடம் கொடுத்தேன். சாயங்கால அஸர் தொழுகைக்கு முன் அடக்கம் முடிந்தது. சந்தூக்கை முன் பக்கம் தூக்கியவர்களில் பெரியப்பாவும் ஒருவர். அவருக்கு முட்டி வலி உண்டு. தோள் மாற்ற நான் போனேன், தள்ளிப் போ என்றார். கபுறுஸ்தானிலிருந்து திரும்பும்போது எல்லோர் முன்னிலையிலும், "அவ இத்தா முடியற வரைக்கும் அந்தக் கதவ நான் ஏறெடுத்தும் பாக்க மாட்டேன்" என்றார்.

இத்தா என்றால் என்ன என்று எழுத்தர் கேட்டதால் சொல்கிறேன். புருஷன் இறந்தால் எங்களில் பெண் நான்கு மாதம் பத்து நாள் புருஷன் வீட்டிலேயே இருக்க வேண்டும். வெள்ளை உடுத்துவார்கள். அவசியம் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார்கள். வேற்று ஆண் முன்னால் வர மாட்டார்கள், எங்கள் சந்தில் குரல்கூடக் கேட்கக் கூடாது என்பார்கள். குரலெல்லாம் மார்க்கச் சட்டத்தில் இல்லை என்று பள்ளிவாசல் உஸ்தாத் சொல்கிறார். ஆனால் மெஜுமா அக்கா அப்படித்தான் இருந்தார். அறைக்குள் ரேடியோவில் ஓதுவது கேட்கும், அவ்வளவுதான். சாயங்காலம் லிக்கோனியிலிருந்து அவர் அண்ணி வந்து பார்த்துவிட்டுப் போவார். அண்ணன் மீன் பிடிக்கப் போயிருந்தார். ரிஸிகி அக்கா ஒரு தட்டில் ஏதாவது மூடிக் கதவடியில் வைத்துவிட்டு, கூப்பிடாமல் வந்துவிடுவார். வழக்குக்குப் பிறகு அவர்கள் இருவருக்கும் பேச்சு இல்லை.

அதன் பிறகு வெயில் காலம் ஆரம்பித்தது. தகரம் சூடேறும் நேரத்தில் மூன்றாவது அறைப் பக்கமிருந்து நடையில் பெட்ரோல் வாசம் வர ஆரம்பித்தது. முதலில் என் ஆட்டோதான் என்று என்னைத் திட்டினார்கள். நான் வண்டியைச் சந்து முனையில் விட்டேன். அப்போதும் வந்தது. ரிஸிகி அக்கா அடுப்பைத் தூக்கிக்கொண்டு சந்துக்கே போய்விட்டார். பைக்காரர்கள் யாரும் வந்து நான் பார்க்கவில்லை, ஆனால் நான் பகலில் வீட்டில் இருப்பதில்லை. மெஜுமா அக்கா மிச்சக் கேன்களை அண்ணி மூலமாக விற்கிறாரோ என்று நானும் சந்தேகப்பட்டேன்.

பெரியப்பா குழாய் ரிப்பேருக்கு வந்தபோது அவரும் முகர்ந்தார். அங்கேயே நின்றார். ரிஸிகி அக்காவிடம், "நீ ஒருக்க உள்ள போய்ப் பாத்துட்டு வாம்மா" என்றார். ரிஸிகி அக்கா, "நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டு அந்தக் கதவத் தட்டுவேன் பெரியப்பா? அவ புருஷன வெளிய அனுப்புங்கன்னு கையக் காட்டிட்டு வந்தவ நான்" என்றார். நான் அன்று சாயங்காலம் அண்ணியிடம் கேட்டுச் சொல்லச் சொன்னேன். அண்ணி போய்க் கேட்டு வந்து, "பெட்ரோல் இல்லன்னு சொல்லச் சொன்னா" என்றார். நான் அதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். "அப்ப வாசம் எங்கருந்துடா வருது?" என்றார். 

அதன் பிறகு பெரியப்பா தீர்ப்பாயத்துக்குப் போய்ச் சொன்னார். அவர்கள் அறையைப் பார்வையிட்டு வரும்படி, கோர்ட் உத்தரவுகளை நிறைவேற்றும் அமீனா ஒருவரை அனுப்பினார்கள். வந்தவர் பெயர் முசியோகா, மேட்டு நாட்டுக்காரர். நான் வாசலில் ஆட்டோ பிளக் துடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் "ஹோடி" என்று குரல் கொடுக்க வேண்டும், உள்ளே இருப்பவர் "கரிபு" என்று சொன்னால்தான் போகலாம். மூன்று தடவைக்குப் பதில் இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும். அவரும் மரியாதையாக மூன்று தடவை கூப்பிட்டார். உள்ளே ரேடியோ ஓதிக்கொண்டிருந்தது. மூன்றாவது தடவைக்கு ரேடியோவின் சத்தம் குறைந்தது. பதில் வரவில்லை.

"சார், அவங்க இத்தாவுல இருக்காங்க. ஒரு பொம்பளையக் கூட்டிட்டு வாங்க" என்றேன்.

"இத்தான்னா? ஊருக்குப் போயிட்டாங்களா?"

"இல்ல சார், உள்ளதான் இருக்காங்க."

"உள்ள இருக்கறவங்க ஒரு வார்த்த பேசினா வாயா தேஞ்சிரும்? நான் என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்கேன்?"

அவர் எழுதிக்கொண்டார். குடியிருப்பவர் உள்ளே இருந்துகொண்டே பார்வையிட அனுமதி மறுத்தார் என்று எழுதியிருக்கிறார். அவர் கூப்பிட்டது உண்மை, பதில் வராதது உண்மை. மறுத்தார் என்பது உண்மை இல்லை. இதை நான் எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன்.

அதன் பிறகு விசாரணைக்கு வரச் சொல்லி ஒரு காகிதத்தை மெஜுமா அக்காவின் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். அண்ணிக்குப் படிக்கத் தெரியாது, ஏதோ தடுப்பூசி நோட்டீஸ் என்று நினைத்திருக்கிறார். நான் மலிண்டி சவாரி போய்த் திரும்பியபோது விசாரணை முடிந்து, உத்தரவை நிறைவேற்றலாம் என்று ஆகிவிட்டது. நான் நேரே பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவர் டீயில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, இத்தா முடியட்டும். நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னேன். பெட்ரோலுக்கும் இத்தா உண்டாடா? அது பாட்டுக்கு நாலு மாசம் அடங்கி உக்காந்திருக்குமா?"

"அவங்க இல்லன்னு சொல்றாங்க."

"அவனும் சொன்னான். ரிஸிகி கை வெந்த அன்னிக்குக் காலையிலகூட இல்லன்னுதான் சொன்னான். உள்ள விட்டுப் பாக்கச் சொன்னா விட மாட்டேங்கறா. படிப்ப விட்டுட்டு ஓடிவந்த பய, நீ எனக்குச் சட்டம் சொல்லாத. அடுத்த தடவ பத்திக்கிட்டா நீதான் மத்த அறைப் பிள்ளைங்களத் தூக்கிட்டு ஓடப் போறியா?"

நான் ரொட்டித் தட்டைத் தள்ளிவிட்டு வந்துவிட்டேன். தட்டு உடைந்தது. இது புகாரில் இல்லை, நானே சொல்கிறேன்.

சம்பவ நாளன்று காலை வெயில் ஏறியபின் முசியோகாவும், கார்ப்பரல் வஃபுலாவும், சாமான் தூக்கும் ஆட்கள் சிலரும் வந்தார்கள். பெரியப்பா சாவியை வாங்கிக்கொள்ள நடையின் முன் வாசலில் நின்றார். பெண் போலீஸ் இல்லையா என்று கேட்டேன். இன்றைக்கு வரவில்லை என்றார் கார்ப்பரல். உத்தரவைக் காட்டச் சொன்னேன், காட்டினார்கள். முத்திரை எல்லாம் சரியாக இருந்தது. முசியோகா ஹோடி என்று மூன்று தடவை கூப்பிட்டார். பதில் இல்லை. கதவு தாழ் போடாமல்தான் இருந்தது. அவர் கைப்பிடியில் கை வைத்தார்.

அப்போது ரிஸிகி அக்கா மாவுக் கையோடு நடுவில் வந்து, "கைய எடுங்க. ஆம்பளைங்கல்லாம் செவத்தப் பாத்துத் திரும்பி நில்லுங்க" என்றார். கார்ப்பரல் முதலில் திரும்பினார், அதன் பிறகு எல்லோரும் திரும்பினோம். முசியோகாவும் திரும்பினார். ரிஸிகி அக்கா உள்ளே போனார். வழக்குக்குப் பிறகு அவர் அந்த அறைக்குள் போனது அதுதான் முதல் தடவை. உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. வலப்பக்கத்து அறைப் பெண்கள் தாங்கள் உடுத்தும் அகலமான லேசோத் துணிகளைக் கொண்டுவந்து நான்கு பக்கமும் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அந்தத் துணிச் சுவருக்குள் மெஜுமா அக்காவை நடையின் வழியாக நடத்திக் கூட்டி வந்தார்கள். துணியின் ஒரு மூலை தாழ்ந்தே வந்தது. திரும்பி நின்ற எனக்கு ஓரக்கண்ணில் அது மட்டும் தெரிந்தது. அந்த மூலையைப் பிடித்திருந்தது ரிஸிகி அக்காவின் இடது கை.

என் ஆட்டோ வாசலில் நின்றது. இரண்டு பக்கமும் லேசோவைக் கட்டி மறைத்து, மெஜுமா அக்காவை அதில் உட்கார வைத்தார்கள். வேறு எங்கே வைப்பது? நடையில் வைக்கக் கூடாது, நடை வீட்டுக்காரருடையது என்று முசியோகா சொன்னார். அது சட்டப்படி சரிதான். சக்கரத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினேன். சந்தின் வழியை அடைத்து வண்டியை நிறுத்தினேன் என்று புகாரில் இருப்பது இதைத்தான்.

அதன் பிறகு சாமான்களை எடுத்தார்கள். கட்டில், அலமாரி, பாய், பாத்திரக் கூடை, ரேடியோ. எதையும் உடைக்கவில்லை, வீசவில்லை. கட்டிலை நகர்த்தியபோது எல்லோரும் கீழே பார்த்தோம். ஒரு கேன்கூட இல்லை. கேன் இருந்த இடத்தில் வட்ட வட்டமாகத் தரையில் கறை இருந்தது, அதையும் யாரோ தேய்த்துக் கழுவியிருந்தார்கள். ஆனால் வாசம் இருந்தது. கார்ப்பரல் முகர்ந்துகொண்டே சுவரோரமாகப் போனார். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பொட்டலம் தொங்கியது. லேசோவில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பை போட்டு, பை வாய் திறந்து இருந்தது. அவர் எடுத்துப் பிரித்தார். அத்துமானியின் நீலச் சட்டை. தோள் பக்கம் கிழிந்து, விறைத்து இருந்தது. லாரி இடித்த அன்று அவர் போட்டிருந்தது. கேன் அவர் மேல் சாய்ந்து உடைந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் என் கையில் கொடுத்த பைக்குள் இருந்தது அதுதான். எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

அதைத் துவைக்காமல் வைத்திருந்தார். அவ்வளவுதான் மூன்றாவது அறையில் இருந்த பெட்ரோல்.

நான் "சார், அத அவங்ககிட்ட குடுத்துருங்க" என்றேன். கார்ப்பரல், "தம்பி, முற்றத்துல அடுப்பு எரியுது. இது பத்திக்கிட்டா நாளைக்குப் பதில் சொல்றது நானு" என்று முசியோகாவிடம் கொடுத்து, தண்ணீரில் போடச் சொன்னார். முற்றத்தில் யாரோ ஊற வைத்திருந்த துணி வாளி நுரையோடு இருந்தது. முசியோகா சட்டையை அதில் முக்கிக் காலால் அழுத்தினார். நான் ஓடிப் போய் அவரைத் தள்ளினேன். அவர் சாக்கடை வாய்க்காலில் விழுந்தார். மூக்குக் கண்ணாடி உடைந்தது. இரண்டு கையாலும்தான் தள்ளினேன். தெரியாமல் பட்டுவிட்டது என்று நான் சொல்லவில்லை. அரசு வேலையைத் தடுக்க நினைத்துத் தள்ளவில்லை, சட்டையை எடுக்கத் தள்ளினேன். அது வேறு குற்றமா அதே குற்றமா என்பது எனக்குத் தெரியாது, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டையை வெளியே எடுத்தபோது சோப்பு வாசம்தான் வந்தது.

கார்ப்பரல் என் சட்டைக் காலரைப் பிடித்து, "எங்கயும் நகரக் கூடாது, ஸ்டேஷனுக்கு வரணும்" என்றார். சரி என்றேன்.

அதன் பிறகு முசியோகா எழுந்து, துடைத்துக்கொண்டு, பூட்டைப் போட்டு, அறை காலி செய்து ஒப்படைக்கப்பட்டது என்று எழுதிப் பெரியப்பாவிடம் கையெழுத்து வாங்கிச் சாவியைக் கொடுத்தார். கண்ணாடி இல்லாததால் எங்கே கையெழுத்து என்று பெரியப்பாவே அவருக்குக் காட்டினார். பெரியப்பா அப்போதுதான் என் கையில் இருந்த சட்டையைப் பார்த்தார்.

"என்னடா அது?"

ரிஸிகி அக்கா முந்திக்கொண்டு, "இதுதான் பெரியப்பா. நம்ம மூக்குக்குத் தெரிஞ்ச கேனு" என்றார்.

பெரியப்பா சந்தில் கிடந்த அத்துமானியின் கட்டில் சட்டத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே முசியோகாவிடம், பூட்டைத் திறந்து அந்தப் பிள்ளையை உள்ளே விடு என்றார். முசியோகா, "என் வேல முடிஞ்சிருச்சு ஐயா. இப்ப வீடு உங்க கையில. யாரக் குடி வச்சாலும் ஒங்க இஷ்டம். நான் திறக்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது" என்றார். அவர் அதைக் கோபமில்லாமல்தான் சொன்னார்.

பெரியப்பா எழுந்து ஆட்டோவுக்கு முன்னால் வந்தார். லேசோத் துணியைத் தொடவில்லை. ஒரு கை தூரத்தில் நின்று, "ஹோடி" என்றார். பதில் இல்லை. "ஹோடி மகளே. சாவி இந்தா இருக்கு. சாமானெல்லாம் இருந்த எடத்துலயே நானே வைக்கிறேன். இத்தா முடிச்சிட்டுப் போ, முடிச்சப்புறமும் இரு." பதில் இல்லை. நான் ஈரச் சட்டையை ரிஸிகி அக்காவிடம் கொடுத்தேன், அவர் துணிக்குள் கையை விட்டு அதைக் கொடுத்தார். உள்ளே அசைவு தெரிந்தது. சட்டையை முகத்தில் வைத்துப் பார்த்தார் என்று ரிஸிகி அக்கா பிறகு சொன்னார். பெரியப்பா மூன்றாவது தடவை "ஹோடி" என்றார். 

துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. அத்துமானி இறந்தபின் அந்தக் குரலை நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஆம்பளைகள் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

"கொம்போ, வண்டிய எடுப்பா."

நான் எடுத்தேன். ரிஸிகி அக்கா ஓடி வந்து உள்ளே ஏறிக்கொண்டார். கார்ப்பரல் பின்னாலிருந்து என்னைக் கூப்பிட்டது கேட்டது. கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பெரியப்பா சாவியை நீட்டியபடியே நின்றது வண்டியின் பக்கக் கண்ணாடியில் தெரிந்தது.

நான் தப்பி ஓடினேன் என்று எழுதியிருக்கிறார்கள். நான் லிக்கோனி படகுத் துறைக்குப் போனேன். அக்கரையில் அவர் அண்ணன் வீடு. வழியில் ரிஸிகி அக்கா சட்டையைப் பிழியும் சத்தம் மட்டும் கேட்டது. துறைக்கு முன்னால் உள்ள பங்க்கில் வண்டிக்குப் பெட்ரோல் போட நிறுத்தினேன். ரிஸிகி அக்கா அந்தத் தீக்குப் பிறகு பங்க் இருக்கும் பக்கமே நடக்க மாட்டார், எதிர்ப்பக்கம் போய்விடுவார். அவரைக் கூட்டிக்கொண்டு வருகிறோமே என்பது எனக்கு அப்போது நினைவில் இல்லை. பெட்ரோல் போட்டு முடித்தேன், மூடியைப் போடப் போனேன்.

உள்ளேயிருந்து மெஜுமா அக்கா, "மூடாதப்பா. கொஞ்ச நேரம் இங்கயே நிக்கட்டும்" என்றார்.

நான் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ரிஸிகி அக்கா இறங்கிவிடுவார் என்று நினைத்தேன். இறங்கவில்லை. துணிக்கு வெளியே அவருடைய இடது கை கம்பியைப் பிடித்திருந்தது, அதை மட்டும் பார்த்தேன். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. பங்க் ஆள் வந்து, "டேய், பெட்ரோல் போட்டாச்சுல்ல? படுத்துத் தூங்கப் போறியா? எடுடா வண்டிய" என்று கத்தினார். ஸ்டார்ட் ஆகவில்லை என்றேன். அவர் தள்ளிவிட வந்தார். தள்ளினால் கியர் போய்விடும், இரண்டு நிமிஷம் பொறு அண்ணே என்றேன். அதற்குள் உள்ளே அழ ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு குரல் இல்லை, இரண்டு குரல். பங்க் ஆள் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்னால் இருந்த வண்டிகளை வேறு பம்புக்கு அனுப்பினார்.

அதன் பிறகு அக்கரைக்குப் போய், இருவரையும் அண்ணன் வீட்டில் இறக்கிவிட்டு, அதே படகில் திரும்பி, நேராக இங்கே வந்து, வண்டிச் சாவியை மேசையில் வைத்தேன். தாமதம் ஆனதற்குக் காரணம் மேலே சொன்னதுதான்.

முசியோகாவின் கண்ணாடியை நான் வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். பெரியப்பா மேல் எனக்குப் புகார் இல்லை. மூன்றாவது அறை பூட்டியபடியே இருப்பதாகவும், வாடகைக்குக் கேட்டு வந்த ஒருவரை அவர் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் இன்று காலை என்னைப் பார்க்க இங்கே வந்த ரிஸிகி அக்கா மகன் சொன்னான்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். பங்க்கில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று நான் சொன்னது பொய். அதைத் தவிர இதில் உள்ள எல்லாமே உண்மை.

(ஒப்பம்)
கொம்போ லாலி